நாகர்கோவில், தக்கலை பக்கம் டி அண்ட் டி குழு தொடங்க நினைப்பவர்களுக்கு: முதல் கதை அன்றைக்கே முடியட்டும்

கேள்வி இதுதான். தக்கலைக்காரர் ஒருவர், கல்லூரி முடித்தவர், கூட ஐந்து நண்பர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, எல்லோரும் சேர்ந்து கதை சொல்லும் ஆட்டத்தை ஆடும் வீடியோக்களைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வந்திருக்கிறது, ஆனால் ஒருவரும் ஆடியதில்லை. எதை வாங்க வேண்டும், மினியேச்சர் பொம்மைகளும் வேண்டுமா, யார் கதை நடத்துவது, எங்கே உட்காருவது, தமிழில் ஆடலாமா, நாலு வாரத்தில் குழு கலைந்து போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விதான் முக்கியம், அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழுக்கள் விதி புரியாமல் கலைவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரிய கதையைத் தொடங்கி வைத்துவிட்டு அதை இழுக்க முடியாமல்தான் கலைகின்றன. கதை நடத்தப்போகிறவர் ஆர்வத்தில் ஏழு ராஜ்யம், அவற்றின் வம்சாவளி, ஆயிரம் வருடப் பகை என்று ஒரு நோட்டு நிறைய எழுதிவிடுவார். முதல் ஞாயிறு முழுக்கக் கதாபாத்திரம் உருவாக்குவதிலேயே போய்விடும். இரண்டாவது ஞாயிறு ஒருவருக்குக் கல்யாண வீடு, மூன்றாவது ஞாயிறு இன்னொருவருக்கு டிஎன்பிஎஸ்சி பரீட்சை, வந்த மூன்று பேரும் "அவங்க இல்லாம எப்படித் தொடர்றது" என்று டீ குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அவ்வளவுதான், அதற்கு அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் படம் மட்டும் வரும். ஆகவே என் முதல் யோசனை, கிட்டத்தட்ட ஒரே யோசனை: முதல் கதை தொடங்கிய அன்றைக்கே முடிய வேண்டும். மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஆறரைக்கு எழுந்திருக்கும்போது ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் நடந்திருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் மற்ற எல்லாமே இதற்கு வசதி செய்து கொடுப்பதற்காகத்தான்.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாமல் வாசிப்பவர்களுக்கு இரண்டு வரி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் சேர்ந்து வெளியிட்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர் இடத்தையும் சூழ்நிலையையும் சொல்வார், மற்ற எல்லோரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள், முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். நம் பக்கத்தில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் கதையை இழுத்துக்கொண்டு போக, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு, கேள்வி கேட்டு, கதையைத் திருப்பிவிடுவார் இல்லையா, அதே மாதிரிதான். ஒரு பெரிய வித்தியாசம், வில்லில் கதை எப்படி முடியும் என்று பாடுகிறவருக்குத் தெரியும், இங்கே டிஎம்முக்கே தெரியாது, தெரியவும் கூடாது.

வாங்க வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளின் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டது. எஸ்ஆர்டி 5.1 என்று தேடினால் கிடைக்கும். சட்டப்படி இறக்கி, பிரிண்ட் எடுத்து, அதை வைத்துச் சொந்தமாகக் கதை எழுதி வெளியிடக்கூட முடியும், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்காதீர்கள், நானூறு பக்கம் வரும், யாரும் வாசிக்க மாட்டார்கள். பகடை மட்டும் வேண்டும்: 4, 6, 8, 10, 12, 20 முகம் கொண்டவை, கூடவே சதவீதத்துக்கு ஒரு பத்து முகம், ஆக ஏழு சேர்ந்தது ஒரு செட். ஆன்லைனில் ஆர்டர் போட்டு வருவதற்குள் ஆடிப் பார்க்க ஆசையாக இருந்தால் போனில் பகடை ஆப் இருக்கிறது, அதுவும் வேண்டாம் என்றால் 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்த சீட்டை மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும். இது ஏதோ ஏழை வழி என்று நினைக்க வேண்டாம். 1970-களின் கடைசியில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டி அண்ட் டி பெட்டியிலேயே பகடைக்குப் பதிலாக எண் போட்ட அட்டைச் சீட்டுகளை வைத்துத்தான் விற்றார்கள்.

விதியில் முதல் நாளுக்குத் தேவையானது ஒரே ஒரு விஷயம். இருபது முகப் பகடையை உருட்டு, உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு, டிஎம் மனதில் வைத்திருக்கும் இலக்கைத் தொட்டால் ஜெயம். சுலபமான காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. ஒரு உதாரணம்: மதில் ஏறுவதற்கு +3 வைத்திருப்பவர் இலக்கு 15-ஐத் தொட 12 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், அதாவது நூற்றுக்கு 45 வாய்ப்பு. இந்தக் கணக்கு டிஎம்முக்குக் கையில் இருந்தால் போதும், எங்கே 10 சொல்வது எங்கே 15 சொல்வது என்று தானாக வந்துவிடும். புதிதாக நடத்துகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 15 சொல்லிவிடுகிறார்கள், அப்போது கதாநாயகர்கள் பாதி நேரம் வழுக்கி விழுந்துகொண்டே இருப்பார்கள், ஆடுகிறவர்களுக்கு வெறுத்துவிடும். தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்கிற இடத்தில் உருட்டவே சொல்லாதீர்கள். பூட்டாத கதவைத் திறக்கப் பகடை எதற்கு?

கதாபாத்திரங்களை டிஎம்மே முன்கூட்டித் தயார் செய்து கொண்டு வரட்டும். ஒரு வாள்காரர், ஒரு பதுங்கித் திரிபவர், ஒரு மந்திரவாதி, காயம் ஆற்றத் தெரிந்த ஒரு பூசாரி, கூட ஒரு வேட்டைக்காரர். எல்லாம் முதல் லெவல், அதாவது இப்போதுதான் தொடங்கும் ஆட்கள், ஆளுக்கு ஒரு பக்கம் (இதுதான் கேரக்டர் ஷீட்). பெயரையும், "எனக்கு ரொம்பப் பயமான ஒன்று", "பக்கத்தில் இருப்பவருக்கு நான் பட்டிருக்கும் கடன்" என்ற இரண்டு வரியையும் மட்டும் காலியாக விட்டு ஆடுகிறவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அந்த இரண்டு வரியிலேயே ஆள் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிடுவார். லெவல் ஒன்றில் உயிர்ப் புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு, பத்து சொச்சம்தான் இருக்கும், மந்திரவாதிக்கு அதைவிடக் குறைவு, ஆகவே ஐந்தாறு எதிரிகளை ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள்.

எண்ணிக்கை: டிஎம் ஒருவர், ஆடுகிறவர்கள் நான்கு பேர் இருந்தால் கச்சிதம். நீங்கள் ஆறு பேர், அப்படியானால் ஒருவர் டிஎம், ஐந்து பேர் ஆட்டக்காரர்கள், கொஞ்சம் நெருக்கம், ஆனாலும் சமாளிக்கலாம். இன்னும் இரண்டு பேர் "நானும் வாறேன்" என்று வந்தால் அன்போடு மறுத்துவிட்டு அடுத்த முறைக்குக் கூப்பிடுங்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் ஒரு சண்டையில் தன் முறை வரக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் கை போனுக்குப் போய்விடும். இன்னொரு சட்டம், இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: டிஎம்மும் மூன்று ஆட்டக்காரர்களும் வந்தால் ஆட்டம் நடக்கும். வராதவருக்காகத் தள்ளிவைப்பது கிடையாது. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் "எப்படியும் நடக்கும்" என்று தெரிந்தால்தான் ஆட்கள் நேரத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு வருவார்கள்.

கிழமை விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்று சில கணக்கு உண்டு. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிறவர்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள், அதனால் ஞாயிறு மூன்று மணி. மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு என்று நிலையாக வைத்துவிடுங்கள், "இந்த வாரம் எப்ப ஃப்ரீ" என்று கேட்க ஆரம்பித்தால் முடிவே வராது. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு கொடை, அவரவர் ஊர்க் கொடைவிழா, கிறிஸ்துமஸ் வாரம், இவற்றையெல்லாம் வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் அடித்துவிட வேண்டும், அந்த நாட்களில் குழு கூடும் என்று நம்புவது வீண். மழை இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டில் மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பருவமழைதான், நமக்குத் தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, ஜூனிலும் பெய்யும் நவம்பரிலும் பெய்யும். குலசேகரம் பக்கத்தில் இருந்து பைக்கில் வருகிறவரை நினைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகையில் தக்கலை உங்களுக்குக் கிடைத்த வசதி. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலேயே இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இருந்தும் பஸ் கிடைக்கும், ஆறரைக்கு முடித்தால் யாரும் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

இடம் என்று பார்த்தால் யாராவது ஒருவர் வீட்டு முன்னறைதான் நல்லது. பேக்கரியிலோ காபி கடையிலோ மூன்றரை மணி நேரம் ஐந்தாறு பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரருக்கு நஷ்டம், நமக்கும் குரலெழுப்பிப் பேச முடியாது. வீட்டில் ஆடும்போது பெரியவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பகடை என்றதும் சூதாட்டம் என்று சிலர் நினைப்பார்கள், மந்திரம், பேய் என்று காதில் விழுந்தால் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் வீட்டில் கலவரமாகிவிடும். 1980-களில் அமெரிக்காவிலேயே இந்த ஆட்டம் சாத்தானோடு தொடர்புடையது என்று பெரிய பீதி கிளம்பி ஓய்ந்திருக்கிறது. மறைத்து ஆடினால் சந்தேகம்தான் கூடும். கதவைத் திறந்து போட்டு, "அத்தை, சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று கூப்பிடுங்கள். அரை மணி நேரம் பார்த்தால் இது கதை சொல்லும் விளையாட்டு, காசு இதில் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். குழுவில் பெண்கள் இருந்தால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் இடமாகவும், ரொம்ப இருட்டிவிடாமல் வீடு திரும்பும் நேரமாகவும் வைப்பது அவர்கள் தொடர்ந்து வருவதற்குப் பெரிய உதவி. ஏத்தங்காய் சிப்ஸ், பழம்பொரி, கட்டன் சாயா எல்லாம் இடைவேளையில் மட்டும் வரட்டும், எண்ணெய்க் கையோடு கேரக்டர் ஷீட்டைத் தொட்டால் அடுத்த வாரம் எண் எதுவும் வாசிக்க முடியாது.

சரி, ஒரே சாயங்காலத்தில் முடிகிற கதை எப்படி இருக்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அப்படியே எடுத்து நடத்தலாம். முட்டம் மாதிரி பாறைகள் நிறைந்த ஒரு கடற்கரை ஊர், பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலை அடைத்து வைத்தார்கள் என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும், அந்த ஞாபகம் ஆட்டக்காரர்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இந்த ஊரில் மூன்று ராத்திரியாகத் தவறான இடத்தில் ஒரு வெளிச்சம். அதை நம்பி வந்த இரண்டு வள்ளங்கள் உடைந்துவிட்டன. இன்று விடியுமுன் இன்னும் ஐந்து வள்ளங்கள் திரும்பி வர வேண்டும். ஊர்க்காரர்கள் நம் ஆட்களிடம் கேட்கிறார்கள்: போய்ப் பார்த்து அணையுங்கள்.

உண்மை டிஎம்முக்கு மட்டும் தெரியும். பாறைக் குகைக்குள் ஒரு குட்டிக் கடல்நாகம் சங்கிலியில் கிடக்கிறது, அதன் தலையில் இருக்கும் மாணிக்கம்தான் அந்த ஒளி. கரையொதுங்கும் சரக்கை மலிவாக வாங்கி விற்கும் ஒரு வியாபாரி அதைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார். தாய் நாகம் வெளியே கடலில் தேடிக்கொண்டிருக்கிறது. மூன்று இடம் போதும்: கரை, வியாபாரியின் கிட்டங்கி, குகை. இரண்டு ஆட்கள் போதும்: வியாபாரி, வலை பின்னும் ஒரு பாட்டி. ஒரு கெடு: கடல் ஏறினால் குகை வாசல் மூழ்கிவிடும். குகைக்கு இழுத்துப் போகும் தடயம் ஒன்று மட்டும் வைத்தால் அதை ஆட்டக்காரர்கள் தவறவிடுவார்கள், நிச்சயம் தவறவிடுவார்கள், அதனால் மூன்று வையுங்கள். பாட்டிக்கு ராத்திரி பாறைப் பக்கம் குழந்தை அழுகிற மாதிரிச் சத்தம் கேட்கிறது. வியாபாரியின் ஆள் தினமும் ஆட்டு இறைச்சியோடு தோணியில் போய்க் கைவீசித் திரும்புகிறான். உடைந்த வள்ளத்தின் பலகையில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

முடிவை எழுதி வைக்காதீர்கள். நாகத்தைக் கொல்லலாம், அவிழ்த்து விடலாம், மாணிக்கத்தைத் திருடிக்கொண்டு ஓடலாம், வியாபாரியோடு பேரம் பேசலாம், தாயைக் கூப்பிடலாம். மேஜையில் அந்த நேரம் இப்படி இருக்கும்:

"வாசல்ல தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துட்டு. உள்ளே அது உங்களப் பாத்துச் சுருண்டு உக்காந்திருக்கு. மக்கா, நீ என்ன செய்யப்போற?"

"வாளை உறையில போடுதேன். பையப் பக்கத்துல போயி சங்கிலியப் பாக்கேன். பூட்டு இருக்கா?"

"இருக்கு, துருப்பிடிச்ச பூட்டு. உன் பின்னால நிக்கவன் வில்லை நாணேத்திட்டான். அவன்ட்ட ஏதாவது சொல்லுவியா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் டிஎம்மின் உண்மையான வேலை. இரண்டு ஆட்டக்காரர்களை ஒருவரை ஒருவர் பார்க்க வைத்துவிட்டால் அடுத்த இருபது நிமிடம் நீங்கள் பேசவே வேண்டாம். டிஎம்மாக யார் இருப்பது என்று கேட்டீர்களே, குழுவில் அதிகம் பேசுகிறவரைவிட மற்றவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். விதியில் சந்தேகம் வந்தால் அந்த நிமிடத்தில் டிஎம் சொல்வதுதான் தீர்ப்பு, புத்தகத்தைப் புரட்டுவது ஆட்டம் முடிந்த பிறகு. சண்டை ஒன்றே ஒன்று வையுங்கள், புதியவர்களுக்கு அந்த ஒரு சண்டைக்கே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். பேசாமல் இருப்பவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், ஆனால் "ஏன் பேசாம இருக்க" என்று கேட்காமல், "நீ வாசல்கிட்ட நிக்க, வெளிய ஏதோ சத்தம், போய்ப் பாப்பியா?" என்று கையில் ஒரு காரியத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. நம் ஊரின் கதைகள் வளமானவை, கள்ளியங்காட்டு நீலி, முப்பந்தல் இசக்கி, சுடலைமாடன் என்று கையை நீட்டினாலே கதை கிடைக்கும். ஆனால் இவர்களைக் கொல்ல வேண்டிய அரக்கர்களாக மேஜையில் வைக்காதீர்கள். உங்களோடு உட்கார்ந்திருப்பவரின் வீட்டுக் குலதெய்வமாக அது இருக்கலாம், இன்னும் படையல் போட்டுக் கும்பிடுகிற தெய்வம். அநியாயத்தில் செத்த பெண் பழிவாங்கத் திரும்பி வருகிறாள் என்கிற கரு வேண்டுமென்றால் கருவை மட்டும் எடுத்துப் பெயர், இடம், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், அப்போதும் அவளை வெட்டுவதைவிட அவளுக்கு நியாயம் வாங்கிக் கொடுப்பதை வெற்றியாக வையுங்கள். கதைக்கும் அதுதான் அழகு. இதேபோல முதல் நாள் உட்கார்ந்ததும் ஒரு பத்து நிமிடம் எதெல்லாம் மேஜைக்கு வரக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். ஜாதியை வைத்துக் கிண்டல், மதத்தை வைத்துக் கிண்டல், பெண் கதாபாத்திரங்களிடம் வம்பு, இவை என் மேஜையில் கிடையாது. சுனாமியில் ஆளை இழந்த குடும்பங்கள் நம் கடற்கரையில் இருக்கின்றன, ஆகவே ராட்சத அலை ஊரை விழுங்கும் காட்சியை யோசிக்காமல் கொண்டு வராதீர்கள். நடுவில் யாருக்காவது நெருடினால் மேஜையை ஒரு தட்டு தட்டட்டும், காரணம் கேட்காமல் காட்சியை நகர்த்திவிடுவோம் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

வரைபடத்துக்கு வெளிநாட்டுக் கோட்டைகளைத் தேட வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு நடந்து போகும் தூரம். ஒருமுறை டிஎம் கண்ணோடு நடந்து பாருங்கள்: மந்திரசாலையில் இருந்து எங்கே இறங்கலாம், ஊட்டுப்புரையில் நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிடும்போது ஒருவன் யார் கண்ணிலும் படாமல் தாய்க்கொட்டாரத்துக்குப் போக முடியுமா, குறுகலான மரப்படியில் இரண்டு பேர் வாளோடு எதிரெதிரே வந்தால் என்ன ஆகும். ஒரே வழியில் நேராகப் போகும் குகைகளைவிட இப்படி வளைந்து திரும்பி ஒன்றோடொன்று சேரும் இடங்கள்தான் ஆட்டத்துக்கு நல்லது, ஆட்டக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்க எப்போதும் இரண்டு வழி இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். அதை ஏதோ பழைய அரசன் கட்டியதாக மாற்றி, தொட்டியில் ஓடும் தண்ணீருக்குள் நின்று ஒரு சண்டை வைத்துப் பாருங்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் பக்கம் இருந்து, பிடிபட்டு, பிறகு தன்னைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். இப்படி ஒரு ஆளை உங்கள் உலகத்தில் வைத்தால் ஆட்டக்காரர்கள் அவரை நம்புவார்களா?

தமிழில் ஆடலாமா என்றால், தமிழில்தான் ஆட வேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். ஷீட்டில் இருக்கும் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றை மாற்றுவதில் நேரம் செலவழிக்காதீர்கள். வாய் திறந்து கதாபாத்திரமாகப் பேசும்போது ஆங்கிலம் வந்தால் பாதிப் பேர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

முதல் கதை முடிந்து, எல்லோரும் "அடுத்தது எப்ப" என்று கேட்டால் உடனே பெரிய தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். வெஸ்ட் மார்ச்சஸ் என்று ஒரு முறை இருக்கிறது: ஒரு ஊர் நிரந்தரம், ஒவ்வொரு முறையும் யார் வந்திருக்கிறார்களோ அவர்கள் ஊரில் இருந்து கிளம்பி எதையாவது பார்த்துவிட்டு, ஆட்டம் முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஒருவருக்குப் பெங்களூருவில் வேலை கிடைக்கும், ஒருவர் துபாய் போவார், கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோதான் வருவார். அவருடைய கதாபாத்திரம் ஊரிலேயே இருக்கும், வந்ததும் உட்கார்ந்து ஆடலாம், "நான் இல்லாதப்போ கதை எங்கயோ போயிட்டு" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் நடந்ததை ஒருவர் பத்து வரியில் குழுவில் எழுதிப் போடட்டும், வெளியூரில் இருப்பவர்களையும் அது பிடித்து வைக்கும். மூன்று நான்கு கதை முடிந்ததும் டிஎம்மை மாற்றுங்கள், ஊர் அதே ஊர். ஒருவரே நடத்திக்கொண்டிருந்தால் அவர் களைத்துப் போகும் நாளில் குழுவும் நின்றுவிடும்.

சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் மினியேச்சர் பொம்மை வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தை ஐந்து அடி என்று வைத்து வரைந்தால் எல்லாச் சண்டைக்கும் போதும். எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, உங்கள் ஆட்களுக்கு மஞ்சாடி முத்து, வியாபாரிக்கு ஒரு ரூபாய் நாணயம். நோட்டுக் கட்டம் இவற்றுக்குச் சிறிதாக இருந்தால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு அங்குலக் கட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.